பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று நான் எழுதிய சரிவு

மேய்ச்சல் சரிவு ஒன்றில், மண்ணைத் துளைத்துப் பார்க்கும் திருகுகருவியான ஆகரைத் திருகினேன். நாலைந்து சுற்று போனதும் ‘ணங்’ என்று ஒரு சத்தம். இரண்டு அடி தள்ளித் திருகினேன், அங்கேயும் ‘ணங்’. மூன்றாவது இடத்திலும் அதே சத்தம். திருகில் ஒட்டியிருந்த மண்ணை அளந்தேன்: 11, 13, 12. “மண் ஆழம் 12 செ.மீ. கீழே சுண்ணாம்புப் பாறை” என்று கையேட்டில் எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு ஏறினேன். மண் அளவை வேலையில் சேர்ந்து அப்போது எட்டு மாதம். ஒரு நாளைக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு இருந்தது. வெயில் ஏறுவதற்குள் மேட்டைத் தொட்டுவிட வேண்டும் என்ற அவசரம் வேறு.

அந்த 12 வரைபடத்துக்குள் போயிற்று. மண் ஆழம் 25 செ.மீ.க்குள் என்றால் ‘மிக ஆழமற்றது’, 25 முதல் 50 வரை என்றால் ‘ஆழமற்றது’. என் சரிவு முதல் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. அதை வைத்து அங்கே எவ்வளவு புல் முளைக்கும் என்று ஒருவர் கணக்கிட்டார். அந்தக் கணக்கை வைத்து இன்னொருவர் எத்தனை ஆடு மேயலாம் என்று எழுதினார். யாரும் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் அதே சரிவில் வேறு வேலையாக நின்றிருந்தபோது, மந்தையோடு வந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

“இங்க மண்ணு எவ்வளவு ஆழம்னும்மா எழுதியிருக்கீங்க?”

“பன்னெண்டு சென்டிமீட்டர்ங்கய்யா. இவ்வளவு,” என்று கையை விரித்துக் காட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பக்கத்தில் இடுப்பளவு நின்ற ஒரு முள்புதரைத் தடியால் தொட்டார். மழை விட்டு இரண்டு மாதம் ஆகியும் அதன் இலை பச்சையாக இருந்தது.

“அப்ப இது எதுலம்மா நிக்குது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் கடப்பாரையோடு போனேன்.

*

சரளையும் சுண்ணாம்பும் கலந்த சரிவில் குழி வெட்டுவது தோண்டுவது போலவே இருக்காது. கல்லைக் கல்லாகப் பெயர்த்தெடுக்கும் வேலை அது. மண்வெட்டி உள்ளே இறங்காது. கடப்பாரையின் நுனியை இரண்டு கல்லுக்கு நடுவே செருகி நெம்ப வேண்டும். ஒவ்வொரு நெம்பலுக்கும் ஒரு சத்தம். இந்த வகை மண்ணுக்கு மண்ணியலில் ‘ரென்ட்சினா’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய, கருமையான, கல் நிறைந்த மண். அது போலந்து உழவர்களின் சொல். கல் நிறைந்த நிலத்தில் ஏர் போகும்போது எழும் கலகலச் சத்தத்திலிருந்து வந்தது. நிறத்தைக் கொண்டும் இடத்தைக் கொண்டும் பெயர் பெற்ற மண்கள் ஏராளம். சத்தத்தால் பெயர் பெற்றது இது ஒன்றைத்தான் நான் அறிவேன். என் ஆகர் கேட்டதும் அதே சத்தம்தான். அதைப் பாறையின் சத்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது கல்லின் சத்தம். மண்ணுக்குள் கிடக்கும் கல்லின் சத்தம்.

குழி முடிய ஒரு முழுப் பகல் ஆயிற்று. சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தம் செய்து எதிரே உட்கார்ந்தேன்.

மேலே 8 செ.மீ. வரை கருஞ்சாம்பல் கலந்த பழுப்பு. விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிர்கிறது. கடுகு முதல் மிளகு வரை அளவுள்ள உருண்டைகள். நடுநடுவே தலைமயிர் போல் புல்வேர். எட்டிலிருந்து 22 வரை நிறம் வெளுத்துக்கொண்டே போகிறது, கல் கூடிக்கொண்டே போகிறது. 22க்குக் கீழே சாம்பல் பூத்த வெண்பழுப்பு. இங்கே மண்ணைத் தேட வேண்டும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே அடைத்த காரை மாதிரி இருக்கிறது. 38இல் பாறை. அந்தப் பாறையும் முழுப்பாறை கிடையாது. விரல் நுழையும் வெடிப்புகள், அவற்றுக்குள் செம்பழுப்பு மண், அந்த மண்ணுக்குள் புதரின் வேர். ஒரு வேர் பென்சில் கனத்தில் வந்து, வெடிப்புக்குள் நுழைந்ததும் நாடா மாதிரி தட்டையாகி, கீழே எனக்குத் தெரியாத ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தட்டை வேர்தான்.

*

அமிலச் சீசாவை எடுத்தேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். சொட்டுவிடும் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் சீசா. மண்ணில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, இருந்தால் சொட்டு விழுந்த இடத்தில் கரியமில வாயு கிளம்பி நுரைக்கும். எவ்வளவு நுரைக்கிறது என்பதற்கு வகுப்புகள் உண்டு: ஒன்றுமில்லை, மிக லேசு, லேசு, பலம், கொந்தளிப்பு. மேலடுக்கிலேயே ‘பலம்’. 22க்குக் கீழே சொட்டு தொட்டதும் சுர்ரென்று பொங்கி வழிந்தது. (புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று: டோலமைட் என்ற மக்னீசியச் சுண்ணாம்புக் கனிமம் கலந்த பாறையில் அமிலம் மந்தமாகத்தான் வேலை செய்யும். நுரை வரவில்லை என்று எழுதுவதற்கு முன் கல்லைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி, அதன் மேல் விட்டுப் பாருங்கள்.)

ஆனால் அன்று என்னை அதிக நேரம் பிடித்துவைத்தது கற்களின் அடிப்பக்கம். குழியிலிருந்து எடுத்த கற்களைத் துணியில் வரிசையாக அடுக்கியிருந்தேன். மேல்பக்கம் பாறையின் சொந்தச் சாம்பல் நிறம். திருப்பினால் அடியில் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பூச்சு. ஏறக்குறைய எல்லாக் கல்லிலும் அப்படியே.

இது ஏன் என்பது அழகான விஷயம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிட்ட கரியமில வாயு அதில் கரைகிறது. மண்ணின் இடுக்குகளில் அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் நீர் லேசான அமிலமாகிறது. சுண்ணாம்பைக் கரைத்து பைகார்பனேட்டாக எடுத்துக்கொண்டு கீழே போகிறது. போகும் வழியில் ஒரு கல்லைச் சுற்றி வழிந்து, அதன் அடியில் துளியாகத் தொங்கி நிற்கிறது. வேர் அந்தத் துளியை உறிஞ்சினாலும், அது அங்கேயே உலர்ந்தாலும் சுண்ணாம்பு கல்லின் அடியிலேயே தங்கிவிடும். ஒரு மழைக்கு எவ்வளவு படியும் என்று கண்ணால் பார்க்க முடியாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் மழை கூடித்தான் நகத்தால் சுரண்டக்கூடிய கனம் வரும்.

மழை தாராளமாகப் பெய்யும் இடமாக இருந்தால் இந்தச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு போயிருக்கும். மேய்ச்சல் சரிவுகளில் பெரும்பாலும் நீர் அவ்வளவு தூரம் போவதில்லை. அது நின்ற இடத்தில் வெள்ளை நிற்கிறது. அந்த வகையில் வெள்ளை தொடங்கும் ஆழம், வழக்கமான மழை எதுவரை இறங்கும் என்பதற்கான ஒரு கோடு.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், லாஸ் குரூசஸ் பக்கத்துப் பாலைநிலத்தில், 1957இல் தொடங்கிய ஒரு நீண்ட மண் ஆய்வில் கைல், பீட்டர்சன், கிராஸ்மன் ஆகியோர் இந்தப் படிதலை நான்கு நிலைகளாகப் பிரித்து 1966இல் வெளியிட்டார்கள். சரளை மண்ணில் முதல் நிலை, கல்லின் அடியில் மெல்லிய பூச்சு. இரண்டாவது, கல்லைச் சுற்றிலும் தொடர்ந்த பூச்சு. மூன்றாவது, கற்களுக்கு இடையில் இருக்கும் துளைகளெல்லாம் அடைபட்டு ஒரே கட்டியாவது. நான்காவதில் அடைபட்ட அந்தக் கட்டியின் மேல் நீர் தேங்கித் தேங்கி, ஏடு ஏடாக ஒரு கல்தகடு உருவாகிவிடும். அது வேர் நுழையாத தளம். தமிழில் சுக்கான் என்று சொல்வது, வேறு மொழிகளில் காலிச்சி, கங்கர், கால்கிரீட் என்றெல்லாம் அழைப்பது, எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

என் குழி முதல் நிலையைத் தாண்டி இரண்டாவதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆக, அந்தக் கற்கள் நெடுங்காலமாக ஒரே இடத்தில், ஒரே பக்கம் படுத்துக் கிடந்திருக்கின்றன.

இதிலிருந்து ஒரு பழக்கம் எனக்கு வந்தது. எந்தக் குழியிலும் கல்லை எடுக்கும் முன் அதன் மேல்பக்கத்தில் சுண்ணாம்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுவேன். பிறகு திருப்பிப் பார்ப்பேன். வெள்ளை கீழே இருந்தால் அந்த மண் அசையவில்லை. வெள்ளை பக்கவாட்டிலோ மேலேயோ இருந்தால் யாரோ, எதுவோ அந்தக் கல்லை இடம் மாற்றியிருக்கிறது. அதே சரிவின் அடிவாரத்தில் வெட்டிய குழியில் மேல் 30 செ.மீ.க்குள் வெள்ளை எல்லாத் திசையிலும் இருந்தது. மேலே இருந்து உருண்டு வந்த கற்கள். அதற்குக் கீழே ஒரு கருமையான பழைய மேற்பரப்பு புதைந்து கிடந்தது.

*

இப்போது கணக்கு. என்னை உண்மையில் வெட்கப்பட வைத்தது இதுதான்.

மண் என்று நாம் ஆய்வகத்துக்கு அனுப்புவது 2 மி.மீ. சல்லடையில் கீழே விழுவதை மட்டும். சல்லடையில் தங்குவதெல்லாம் கல் என்று கொட்டிவிடுவோம். கொள்ளளவில் கல் 15 முதல் 35 சதவீதம் என்றால் ‘சரளை மண்’, 35 முதல் 60 வரை ‘மிகுசரளை’. இந்தக் குழியில் மொத்தத்தில் 45. அப்படியானால் 38 செ.மீ. ஆழத்தில் சலித்த மண் 21 செ.மீ.தான். மணலும் வண்டலும் களியும் கலந்த பசலை மண்ணின் நயத்தில், செடி உறிஞ்சக்கூடிய நீர் அதன் கொள்ளளவில் சுமார் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 31 மி.மீ. நல்ல வெயிலில் பசும்புல்லும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாக்கினால் ஆறு நாள்.

நான் எழுதிய 12 செ.மீ.க்கு இதே கணக்கைப் போட்டால் 10 மி.மீ. இரண்டு நாள். ஆறு நாள் தாக்குப்பிடிக்கும் சரிவுக்கு நான் இரண்டு நாள் எழுதியிருந்தேன். வெடிப்புகளில் நிற்கும் நீரை இரண்டு கணக்கிலும் சேர்க்கவில்லை.

ஆறு நாள் என்பதும் குறைவுதானே என்று தோன்றும். குறைவுதான். ஆனால் கல்லுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. உலர்ந்து கிடக்கும் கல்லில்லாத பசலை மண்ணில் 10 மி.மீ. மழை பெய்தால் அது சுமார் 6.7 செ.மீ. ஆழத்தை நனைத்துவிட்டுத் தீர்ந்துபோகும். வெயில் வந்ததும் அந்த மேல்பரப்பு நீரில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். அதே 10 மி.மீ. 45 சதவீதம் கல்லுள்ள மண்ணில் விழுந்தால், நனைக்க வேண்டிய மண் குறைவு என்பதால் 12 செ.மீ. வரை இறங்கும். வெயில் எட்டாத இடத்துக்குப் பாதி மழை தப்பிவிடுகிறது. மழை குறைவான நிலங்களில் களிமண்ணைவிட மணலிலும் சரளையிலும் தாவரம் செழிப்பாக இருப்பதை இஸ்ரேலியச் சூழலியலாளர் நோய்-மெய்ர் 1973இல் விளக்கியது இதை வைத்துத்தான். ஈரமான நாட்டில் ஏழை மண் எனப்படுவது வறண்ட நாட்டில் கருமி மண். வந்ததை விடாது.

மேலும் சுண்ணாம்புக் கல் எல்லாம் கண்ணாடி மாதிரி இறுக்கமானவை கிடையாது. சாக்கட்டி போன்ற மென்மையான துண்டுகள் நீரை உறிஞ்சி வைத்து மெல்ல விடும். ஒன்றை உடைத்துப் பாருங்கள். மழைக்கு மூன்று நாள் கழித்தும் உள்ளே ஈரம் தெரியும். வேர்கள் அதை மோப்பம் பிடித்த மாதிரி கல்லின் மேல் வலைபின்னியிருக்கும். சல்லடையில் தங்கியதைக் கொட்டிவிடும் நம் வழக்கத்தில் இதெல்லாம் கணக்குக்கே வருவதில்லை.

*

மேற்பரப்பில் கிடக்கும் கற்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை சரிவில் ஒரு சதுர மீட்டர் அளவில் இரண்டு கட்டங்கள் அமைத்தேன். ஒன்றில் மேலே கிடந்த சரளையை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தேன். மற்றதை அப்படியே விட்டேன். மூன்று நல்ல மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது பொறுக்கிய கட்டத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. கத்தி முனையால் பெயர்த்தால் பிஸ்கட் மாதிரி தகடாக வந்தது. குவளைத் தண்ணீரை ஊற்றினேன். நின்று, யோசித்து, சரிவோடு ஓடிப்போனது. பக்கத்துக் கட்டத்தில் ஊற்றியது கல்லுக்கடியில் நுழைந்து காணாமல் போனது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெல்ஜிய மண்ணரிப்பு ஆய்வாளர் போசன் முதலானோர் 1990 வாக்கில் காட்டியது: கல் மண்ணின் மேல் வெறுமனே கிடந்தால் நீர் உள்ளே இறங்குவது கூடும், அதே கல் பொருக்குக்குள் பதிந்து இறுகிக் கிடந்தால் ஓடுநீர் கூடும். மழைத்துளியின் அடியை இரண்டுமே தாங்கும். ஆனால் பதிந்த கல் தன் மேல் விழுந்த நீரையும் பக்கத்துப் பொருக்கின் மேல் தள்ளிவிடும். எனவே ஒரு சரிவில் “கல் அதிகம்” என்று மட்டும் எழுதுவது பாதிச் செய்தி. கல்லைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்ப்பேன். நகர்ந்தால் ஒரு சரிவு, நகராவிட்டால் வேறொரு சரிவு. குளம்பு அதிகமாக மிதித்த இடங்களில் ஈரத்தில் கல் மண்ணுக்குள் அழுந்திப் பதிந்துவிடுகிறது. அந்தத் தடங்களில் நகரும் கல்லை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

*

சுண்ணாம்பின் வேதியியலில் எனக்கு ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்பனேட் உள்ள மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) பெரும்பாலும் 7.8க்கும் 8.4க்கும் நடுவில் நிற்கும். அதை அசைக்க முடியாது. அமிலத்தன்மையுள்ள எதைப் போட்டாலும் சுண்ணாம்பு தின்றுவிடும். 8.5ஐத் தாண்டினால் அங்கே சோடியத்தின் கைவரிசை இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். இந்த நிலையில் பாஸ்பரஸ் கால்சியத்தோடு சேர்ந்து கரையாமல் போகிறது. இரும்பு மண்ணில் நிறைய இருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு சரிவில் மரம் நடும் வேலை நடந்தது. நீள, அகல, ஆழம் 45 செ.மீ. என்று எங்கும் ஒரே அளவில் குழி. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் குழி வெட்டும்போது மேலே இருந்த எட்டுச் சென்டிமீட்டர் கருமண் முதலில் வெளியே வந்து அடியில் விழுந்தது. வெள்ளை மண் அதன் மேல் குவிந்தது. கன்றை வைத்து மூடியபோது வெள்ளை மண் முதலில் உள்ளே போய், வேரைச் சுற்றி அமர்ந்தது. கருமண் மிச்சமாக மேலே தூவப்பட்டு, முதல் மழையில் வழிந்து போனது. இரண்டாம் மாதத்தில் கன்றுகள் மஞ்சளாயின. தண்ணீர் போதவில்லை என்றார்கள். இன்னும் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரம் கூடக்கூட மண்ணில் பைகார்பனேட் கூடும். வேர் இரும்பைக் கரைக்க வெளியிடும் அமிலத்தை அது உடனுக்குடன் முறித்துவிடும். மஞ்சள் வெளுப்பானது. என்னை அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை என்பதைவிட, கூப்பிடாமலே போய்ச் சொல்லாததுதான் இன்றும் உறுத்துகிறது.

அந்தக் கன்றுகளுக்கு நடுவே புல் பச்சையாக இருந்தது. புற்களுக்கு வேறொரு வழி தெரியும். இரும்பைப் பற்றிக்கொள்ளும் ஒரு கரிமப் பொருளை வேர் வழியே மண்ணுக்குள் அனுப்பி, இரும்போடு சேர்த்துத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஜப்பானிய ஆய்வாளர் தகாகி 1976இல் ஓட்ஸ், நெல் வேர்களைக் கழுவிய நீரில் இதைக் கண்டார். இதற்குச் சுண்ணாம்பு பெரிய தடையில்லை. சுண்ணாம்புச் சரிவுகளில் புல் ஆள்வதற்குப் பல காரணங்கள் உண்டு. நான் அதிகம் மதிப்பது இதை.

சுண்ணாம்பைக் குற்றவாளியாக மட்டும் காட்டிவிடக் கூடாது. மேலடுக்கின் அந்தப் பொலபொலப்பு அது தந்தது. கால்சியம் களிமண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கும்; மக்கிப்போன இலை, வேரோடு இணைந்து அதைச் சிதைய விடாமல் காக்கும். எட்டே சென்டிமீட்டர் மண் அவ்வளவு கருப்பாக இருப்பதற்கு அதுவே காரணம். இதைச் சோதிக்கச் சின்ன வழி உண்டு. 6 முதல் 8 மி.மீ. அளவுள்ள உலர்ந்த மண் கட்டிகளை ஒரு சிறு சல்லடையில் வைத்து ஐந்து நிமிடம் நீரில் அமிழ்த்த வேண்டும். பிறகு ஐந்து முறை தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். புல் தூரின் அடியிலிருந்து எடுத்த கட்டி கடைசிவரை உருக்குலையாமல் இருந்தது. ஒரு எட்டு தள்ளி, ஆட்டுத் தடத்திலிருந்து எடுத்தது, நான் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புவதற்குள் சேறாகிவிட்டது. ஒரே மண், ஒரே சுண்ணாம்பு. ஒன்றில் வேர் இருந்தது, மற்றதில் இல்லை.

*

இந்த மண் எவ்வளவு காலத்து வேலை என்று ஒருநாள் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புப் பாறை கரைந்துதான் போகும். மண்ணாக மிஞ்சுவது அதில் கலந்திருக்கும் களியும் மணலும் மட்டும். 95 சதவீதம் தூய பாறை ஒரு மீட்டர் கரைந்தால் மிஞ்சுவது 5 சதவீதம். பாறையைவிட மண் பாதி எடை என்று வைத்தால், 10 செ.மீ. மண். ஒரு மீட்டர் பாறைக்குப் பத்துச் சென்டிமீட்டர்! வறண்ட இடங்களில் இந்தப் பாறை ஆயிரம் ஆண்டில் கரைவது மில்லிமீட்டர் கணக்கில்தான். போனால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். காற்று கொண்டுவந்து சேர்த்த தூசும் இதில் பங்குதாரர். பல சுண்ணாம்புச் சரிவுகளில் அந்தப் பங்கு சிறியதல்ல. எப்படிப் பார்த்தாலும் என் கத்தி சீவிய அந்தக் கருமண் மனித சரித்திரத்தைவிட மூத்தது.

இழப்பின் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் என்பது சுமார் 13 டன். ஒரு மில்லிமீட்டர் போனதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைப் புல் தூர்கள் காட்டிக்கொடுக்கும். தூருக்கு அடியில் மண் நிற்கும், சுற்றிலும் இறங்கியிருக்கும். தூர் ஒரு சின்ன மேடை மேல் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், வேரின் கழுத்து வெளியே தெரியும். என் சரிவின் தோள்பகுதியில் அந்த மேடைகளை அளவுகோல் வைத்து அளந்தேன்: 2, 3, சில இடங்களில் 4 செ.மீ. ஆழமான கரிசலில் 3 செ.மீ. போனால் வருத்தம். கருமண்ணே எட்டுச் சென்டிமீட்டர் உள்ள இடத்தில் 3 செ.மீ. போனால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று.

தோள்பகுதி என்று சொன்னேன். உச்சியின் தட்டை முடிந்து சரிவு வளைந்து இறங்கத் தொடங்கும் இடம். மண் மிக மெலிந்திருப்பது அங்கே. அடிவாரம் வாங்கிச் சேர்க்கும் இடம். இந்தத் தொடர்பைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்த ஜெஃப்ரி மில்ன் 1930களில் ‘கட்டீனா’ என்றார், லத்தீனில் சங்கிலி. நான் முதல் வருடம் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக அளந்தேன். சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டு முழுச் சரிவுக்கும் ஒரே எண்ணை எழுதினேன்.

உலகில் மெல்லிய மண்களுக்கு, 25 செ.மீ.க்குள் பாறை தட்டும் மண்களுக்கும் கல்லே மிகுந்த மண்களுக்கும், ‘லெப்டோசால்’ என்று ஒரு பொதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். பூமியில் அதிகப் பரப்பை மூடியிருக்கும் மண் வகை அதுதான், சுமார் 165 கோடி ஹெக்டேர். அவற்றில் எத்தனை இடத்தில் ஆகர் ‘ணங்’ என்று நின்றதும் என்னைப் போல் ஒருவர் எழுதிவிட்டு நகர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

*

வரைபடத்தைத் திருத்தக் கொடுத்தேன். தோள், நடுச்சரிவு, அடிவாரம் என்று மூன்று எண்கள்: 19, 38, 71. கல்லின் சதவீதம், கல் நகர்கிறதா பதிந்திருக்கிறதா, வெள்ளை எங்கே தொடங்குகிறது, பாறை வெடித்ததா முழுமையானதா என்று நான்கு குறிப்புகள் கூடுதலாக. படிவத்தில் வெடிப்புக்கு இடம் இல்லை, ஓரத்தில் எழுதினேன்.

பிறகு குழியை மூடப் போனேன். பெரியவர் மந்தையை மேலே விட்டுவிட்டு வந்து விளிம்பில் குந்தி, வெடிப்புக்குள் போன அந்த வேரை வெகுநேரம் பார்த்தார்.

“இதைத்தான் கேட்டேன்,” என்றார்.

“ஆமாங்கய்யா.”

முதலில் வெண்பழுப்பு, அதன் மேல் பழுப்பு, கடைசியில் கருமண் என்று, எடுத்த வரிசைக்கு நேர்மாறாகத் திரும்பப் போட்டோம். நான் கற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வைப்பதை அவர் கொஞ்ச நேரம் கவனித்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு அவரும் எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு கல்லையும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, வெள்ளைப் பக்கம் கீழே இருக்கும்படி என் கையில் வைத்தார்.